மூன்று போத்தல் மண்

கொக்குவிலில் நாங்கள் கூடிக் கதைக்கிற அறையின் யன்னல் விளிம்பில் மூன்று சோடாப் போத்தல்கள் நிற்கின்றன. மூன்றிலும் கால்வாசிக்கு மண், மிச்சம் தண்ணீர். ஒரே வயலில், ஒரே பின்னேரத்தில் எடுத்த மண். குலுக்கி வைத்ததில் முதலாவது போத்தல் அரை மணித்தியாலத்தில் தெளிந்துவிட்டது. இரண்டாவது அடுத்த நாள் காலையில் தெளிந்தது. மூன்றாவதுக்கு இன்றைக்கு ஒன்பதாம் நாள். இன்னும் பால் கூடிப்போன தேத்தண்ணி மாதிரிக் கலங்கி நிற்கிறது. எந்தப் புத்தகத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாலும் யாரோ ஒருவர் எழும்பிப்போய் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்து இருக்கிறார்.

வயல் எங்களில் ஒருத்தியின் அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. அராலிப் பக்கம், வழுக்கையாறு கடலேரியில் சேருகிற இடத்துக்குக் கிட்ட எட்டுப் பரப்பு. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வு வரைக்கும் அங்கே காலபோக நெல் விளைந்தது. அடுத்த வருசம் திரும்பி வந்தபோது வரம்புகள் கரைந்திருந்தன, மாடுகள் போயிருந்தன, வயலில் நின்று வேலை செய்த இரண்டு பேர் வன்னியிலேயே நின்றுவிட்டார்கள். பிறகு ஒரு வருசம் விதைப்பதும் மூன்று வருசம் விடுவதுமாகப் போய், கடைசிப் பத்து வருசமாக ஆடுமாடு மட்டும்தான். இப்போது ஒருவர் நல்ல விலை சொல்லிக்கொண்டு நிற்கிறார். கிரவல் கொட்டி உயர்த்திக் களஞ்சியம் கட்டப்போகிறாராம்.

மாமாவுக்கு விற்க விருப்பம். அவருடைய பக்க நியாயமும் பிழையில்லை. "உது உப்புத் தரை, தம்பிமார். புல்லுக்கூட வடிவா முளைக்காது. அதுக்கு ஒருத்தன் காசு தாறனெண்டு நிக்கிறான். பிறகென்ன யோசினை?" என்று கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சிநேகிதிதான் எங்களிடம் வந்து, "புல்லு முளைக்காது எண்டது உண்மையோ எண்டு ஒருக்காப் போய்ப் பாப்பம், வாங்கோ" என்றாள். இது நடந்தது போன வருசம் ஆவணியில்.

கொக்குவிலில் இருந்து சைக்கிளில் ஆனைக்கோட்டைக்குப் போய், காக்கைதீவு தாண்டி, கல்லுண்டாய் வெளியால் போனோம். ஆனைக்கோட்டையில்தான் 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு பெருங்கற்காலப் புதைகுழியையும் எழுத்துப் பொறித்த முத்திரையையும் கண்டெடுத்தது. இரண்டாயிரம் வருசத்துக்கு முதலே ஆக்கள் இந்தக் கடலேரி விளிம்பில் இருந்திருக்கிறார்கள். காக்கைதீவு தாண்டினதும் சோளகம் முகத்தில் அடித்தது. இடப்பக்கம் கடலேரி, வலப்பக்கம் கண்ணுக்கெட்டுமட்டும் வெறும் வெளி. அந்த வெளியின் ஒரு பகுதியில்தான் நகரத்துக் குப்பை பல வருசமாகக் கொட்டப்படுகிறது. அதற்கு அங்காலே நாரைகளும் கொக்குகளும் வரிசையாக நின்றன. கொக்குவிலில் 'வில்' என்றால் சிறு குளம் என்று பெரியாக்கள் சொல்லுவினம். குளங்கள் மதிலுக்குள் போய்விட்டன. கொக்கைப் பார்க்கக் கொக்குவிலார் கல்லுண்டாய்க்குத்தான் சைக்கிள் மிதிக்கவேண்டியிருக்கிறது.

வழுக்கையாற்றைக் கோடையில் வெளியூர் ஆக்களுக்குக் காட்டி இதுதான் குடாநாட்டின் ஆறு என்றால் சிரிப்பார்கள். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று ஊர்களுக்குள்ளால் ஒரு வாய்க்காலைப்போல வந்து அராலியில் முடிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வந்து பாருங்கள். வலிகாமத்தின் அரைவாசி மழை அதற்குள்ளால்தான் இறங்கி வரும். கரை தாண்டி வயலெல்லாம் பரந்து, கொண்டுவந்த நுண்ணிய களியைப் படியவிட்டுவிட்டுக் கடலுக்குப் போகும். கடல் உள்ளே வராமலிருக்க அராலியில் கதவு போட்ட தடுப்பணை இருக்கிறது. ஆனால் கடல் மேலால் மட்டும் வருவதில்லை. கீழாலும் வரும். மாரியில் மழை உப்பைக் கீழே தள்ளும். தை கழிந்து வெயிலும் சோளகமும் தொடங்க, நிலத்தடித் தண்ணீர் நுண்துளைகளுக்குள்ளால் மேலே ஏறும். தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மேலே தங்கிவிடும். வருசா வருசம் இதே ஏற்ற இறக்கம்.

எட்டுப் பரப்பும் ஒரே மண் என்று நினைத்துத்தான் இறங்கினோம். ஆற்றுப் பக்கத் துண்டில் வெள்ளை பூத்திருந்தது. காலுக்குக் கீழே நொறுநொறுத்தது. விரலில் தொட்டு நக்கிப் பார்த்தோம், நல்ல உப்பு. சிவப்பேறின உமரி அங்குமிங்கும் படர்ந்து கிடந்தது. வீதிப் பக்கத் துண்டு கொஞ்சம் மேடு, அதில் அறுகு பச்சையாக நின்றது. ஆக, புல்லு முளைக்காது என்று மாமா சொன்னது முழு உண்மையில்லை. பிரச்சினை நடுத்துண்டில் இருந்தது. மூன்று பரப்பு வரும். வெள்ளையும் இல்லை, புல்லும் இல்லை. சாம்பல் நிறத்தில் சீமெந்து பூசின மாதிரி. அலவாங்கால் குத்தினால் கிணீரென்றது. ஒரு அடி தோண்ட, மேலே மெல்லிய வெளிறின படை, அதற்குக் கீழே களி, செங்குத்தான தூண் தூணாக, தலைகள் உருண்டு, பேக்கரியில் அச்சுப்பாண் அடுக்கி வைத்த மாதிரி. நக்கிப் பார்த்தால் உப்பே தெரியவில்லை.

உப்பில்லாத துண்டில் புல் இல்லை, உப்புப் பூத்த துண்டில் உமரி இருக்கிறது. அந்த இடத்திலேயே நாங்கள் நின்று யோசித்திருக்கவேணும். யோசிக்கவில்லை. உப்பு நிலத்தை நல்ல தண்ணீரால் கழுவினால் சரி என்று யாரோ எழுதியதை வாசித்திருந்தோம். எட்டுப் பேர் காசு போட்டோம். வரம்பு கட்டினோம், உழவு இயந்திரம் பிடித்தோம். ஐப்பசி மழையை மூன்று தடவை வயலுக்குள் மறித்து நிற்கவிட்டு ஆற்றுப் பக்கம் வெட்டிவிட்டோம். பிறகு முளைகட்டின ஏ.ரி. 354 நெல்லை வீசினோம். அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் இனம் அது. கேரளத்துக் கரையோர உப்பு வயல்களின் பொக்காளி நெல்லின் வழியில் வந்ததால் உப்பைத் தாங்கும்.

மேட்டுத் துண்டில் நன்றாக வந்தது. ஆற்றுப் பக்கத்தில் அரைவாசி வந்தது, அதுவே எங்களுக்குப் பெரிய சந்தோசம். நடுத்துண்டு கழுவக் கழுவக் கெட்டுப்போனது. தண்ணீர் பதினொரு நாள் கீழே இறங்காமல் நின்றது. சேறு தோசை மாக் கரைத்த மாதிரி. இறங்கின ஒருவன் முழங்கால் வரை புதைந்து, இழுக்கப்போன இரண்டு பேரும் வழுக்கி விழுந்தார்கள். வழுக்கையாற்றுக்கு ஏன் அந்தப் பேர் என்று அன்றைக்கு எங்களுக்கு ஒரு விளக்கம் கிடைத்தது. வீசின நெல் சேற்றுக்குள் மூடுப்பட்டு அழுகியது. வெயில் வந்ததும் மேலே ஒரு ஓடு கட்டி இறுகியது, முந்தியதை விட மோசமாக.

மார்கழியில் மாமா வந்து பார்த்தார். "நான் சொன்னனான்" என்றார். பேசக்கூட இல்லை. அது பேச்சை விடக் கஷ்டமாக இருந்தது. வாற தை மட்டும் பொறுக்கிறன், பிறகு எழுதிக் குடுக்கிறதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிநேகிதியின் அம்மம்மா படம் பார்த்தே சொல்லிவிட்டா. நாங்கள் ஃபோனில் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தா. "ஆத்துப் பக்கம் உவர். நடு, உவர் இல்லைப் பிள்ளையள், அது களர். உவரெண்டால் வெள்ளை பூக்கும், மழைக்குப் போகும். களர் பூக்காது, பிடிச்சுக்கொள்ளும். அதுக்குக் குழை தாழ்க்கவேணும். நீங்கள் தண்ணியைக் கட்டி வைச்சிருக்கிறியள்." வயல் விளைந்த காலத்திலும் நடுத்துண்டு சண்டித்தனம் பண்ணினதுதானாம்.

அம்மம்மாவுக்கு எல்லாம் தெரியும், விஞ்ஞானம் பிறகுதான் வந்து சேர்ந்தது என்று முடிகிற வகைக் கட்டுரைகளில் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வரம்போரத்து வைரவருக்குப் பொங்கல் நின்றதால்தான் தரை கோவித்தது என்றும் அதே மூச்சில் அம்மம்மா சொன்னா. அதைச் சோதிக்க எங்களிடம் போத்தல் இல்லை. ஆனால் உவர், களர் என்ற இரண்டு சொல்லும் எங்களுக்குள் கிடந்து உறுத்தின. நாங்கள் இரண்டையும் ஒரே பொருளில்தான் வாசித்து வந்திருக்கிறோம்.

போத்தல் விசயம் இந்த ஆடியில் தொடங்கியது. மண்ணைத் தண்ணீரில் குலுக்கி வைத்து எவ்வளவு நேரத்தில் தெளிகிறது என்று பார்ப்பது பழைய சோதனை. முதல்தரம் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் செய்தோம். மூன்றும் தெளிந்துவிட்டன. ஒன்றும் இல்லையென்று போத்தலைக் கழுவப்போன நேரம், எங்களில் கம்பஸில் இரசாயனம் படிப்பவள் கேத்திலைத் தூக்கிக் காட்டினாள். அடியில் வெள்ளைப் படை. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கிறது. கிணற்றில் அள்ளுவது பாதி கல்சியம். மழைத் தண்ணீரில் செய்ய வேண்டியதை நாங்கள் மருந்து கலந்த தண்ணீரில் செய்திருக்கிறோம். ஆடியில் மழைக்கு எங்கே போவது? பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு போத்தல் வாங்கிவந்து திரும்பச் செய்தோம். அவைதான் இப்போது யன்னலில் நிற்பவை. அரை மணித்தியாலத்தில் தெளிந்தது உப்புப் பூத்த மண். அடுத்த நாள் தெளிந்தது மேட்டு மண். தெளியாமல் நிற்பது நடுத்துண்டு.

சாதாரண தரத்து விஞ்ஞானம் போதும் இதை விளங்க. களித் துணிக்கை ஒவ்வொன்றும் மிக மெல்லிய தட்டு. அதன் மேற்பரப்பில் மறை ஏற்றம் இருக்கிறது, ஆகவே நேர் ஏற்ற அயன்கள் வந்து ஒட்டும். கல்சியத்துக்கு இரட்டை ஏற்றம். தட்டுகளை இறுக்கிக் கட்டிச் சிறு சிறு கட்டியாக வைத்திருக்கும், கட்டிகளுக்கு இடையால் தண்ணீரும் காற்றும் போகும். சோடியத்துக்கு ஒற்றை ஏற்றம், அதுவும் தன்னைச் சுற்றித் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு பருத்து நிற்கும். அதனால் தட்டுகளைப் பிடித்து வைக்க முடியாது. நல்ல தண்ணீர் பட்டதும் தட்டுகள் தனித்தனியே பிரிந்து மிதந்து, மண்ணின் துளைகளையெல்லாம் அடைத்துவிடும். ஈரத்தில் சேறு, காய்ந்தால் சீமெந்து. ஒட்டியிருக்கிற அயன்களில் சோடியம் நூற்றுக்கு 15 ஐத் தாண்டினால் அதைச் சோடிய மண் என்பார்கள். பி.எச் பெறுமானம் பெரும்பாலும் 8.5 க்கு மேலே போகும். உப்பு மண்ணுக்கான அளவு வேறு, அது மண்சாற்றின் மின்கடத்துதிறனைப் பார்ப்பது, மீற்றருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் என்றால் உப்பு மண்.

இதில் எங்களுக்கு ஏறாமல் நின்ற இடம் ஒன்றுதான். கரைந்த உப்பு நிறைய இருந்தால், அது சோடிய உப்பாக இருந்தாலும், தட்டுகள் ஒன்றுசேர்ந்தே இருக்கும். அதனால்தான் ஆகக் கூடிய உப்புள்ள போத்தல் ஆகக் கெதியாகத் தெளிந்தது. அப்படியான நிலத்தை மழை வருசக் கணக்காகக் கழுவும்போது கரைந்த உப்புப் போய்விடும், களியில் ஒட்டின சோடியம் மட்டும் போகாமல் நிற்கும். அப்போதுதான் களர் பிறக்கிறது. உப்பு மண் வியாதியென்றால் களர் அந்த வியாதிக்குத் தப்பான மருந்து குடித்த உடம்பு. நாங்கள் ஐப்பசியில் செய்தது இன்னும் மூன்று கரண்டி அதே மருந்தைப் பருக்கினது.

மண் படிப்பவர்கள் இந்த இரண்டுக்கும் ருஷ்யாவின் உழவர்களிடமிருந்து பெயர் எடுத்திருக்கிறார்கள். உப்புப் பூப்பது சோலொன்சாக், தூண் கட்டி இறுகுவது சோலொனெட்ஸ். 'சோல்' என்றால் ருஷ்ய மொழியில் உப்பு. 1972 இல் டி அல்விஸும் பனபொக்கேயும் இலங்கை மண்வகைகளைப் பற்றி எழுதிய கைநூலிலும் இந்தப் பெயர்கள்தான் எங்கள் கரையோரத்துக்கு வருகின்றன. எங்களிடம் உவரும் களரும் முதலே இருந்தன. வள்ளுவர் கல்லாதவர்களை விளையாத களர் என்கிறார். வேறொரு அதிகாரத்தில், களரில் கால் புதைந்த யானையை நரி கொன்றுவிடும் என்கிறார். பள்ளிக்கூடத்தில் இரண்டையும் தனித்தனியாகப் பாடமாக்கினோம். விளையாததும் புதைவதும் ஒரே மண்ணின் கோடையும் மாரியும் என்பது நடுச்சேற்றில் விழுந்தெழும்பின பிறகுதான் தலைக்குள் போனது.

உவர்மண்ணை நன்றாக அறிந்திருந்த இன்னும் சிலர் இருந்தார்கள். சவர்க்காரம் வருவதற்கு முதல் உடுப்பு வெளுத்தவர்கள். எந்த மண் அழுக்கை எடுக்கும், எந்த மாதத்தில் அள்ளவேணும் என்பது அவர்களுக்குக் கைவந்த காரியம். மண்ணின் காரத்தன்மையைத் தினமும் கையில் பிடித்தவர்களை ஊரின் விளிம்பில் வைத்திருந்தோம். அவர்கள் அறிந்ததையும் அறிவென்று யாரும் எழுதி வைக்கவில்லை. இன்றைக்கும் காணியில்லாத குடும்பங்களுக்கு வீடு கொடுக்க இடம் தேடினால் கல்லுண்டாய் வெளிதான் அகப்படுகிறது. குப்பைக்கும் அதே வெளி. 'பயனில்லாத தரை' என்று ஒரு சொல் போதும், பிறகு அதில் எதையும் கொட்டலாம், யாரையும் இருத்தலாம்.

பெரிய திட்டங்களும் வந்து போயின. 1950 களில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் கடலேரிகளுக்குள் உப்புநீர் வராமல் தடுத்து, மழைநீரால் அவற்றை நன்னீராக்கி, சுற்றியுள்ள உவர் நிலங்களையும் மீட்கலாம் என்றது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் வந்தன, திட்டம் முழுமையடையவில்லை. அதை முடிக்கவேண்டும் என்று எழுதுகிற எல்லாருடைய ஆதங்கமும் எங்களுக்கும் உண்டு. ஆனால் நன்னீர் வந்து கழுவினால் எல்லா நிலமும் திரும்பிவிடும் என்று இனி எங்களால் இலேசாகச் சொல்ல ஏலாது.

களருக்கு மருந்து கல்சியம். களியில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கல்சியம் இருக்கவேணும், தள்ளுப்பட்ட சோடியம் வடிகாலால் வெளியே போகவேணும். இந்தியாவில் கர்னாலில் 1969 இல் தொடங்கிய மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனம், கங்கைச் சமவெளியின் 'ஊசர்' நிலங்களை ஜிப்சம் போட்டு, நெல் விதைத்து மீட்டுக் காட்டியது. திருச்சிப் பக்கத்துக் களருக்கென்றே டி.ஆர்.ஒய் 1 என்று ஒரு நெல் இருக்கிறது. ஜிப்சத்தை மூடைக் கணக்கில் வாங்க எங்களிடம் காசில்லை. முதல் முயற்சியின் கடனே இன்னும் முடியவில்லை.

ஆனால் நடுத்துண்டில் ஒரு அடி ஆழத்து மண்ணில் வினாகிரி விட்டபோது சர்ரென்று நுரைத்தது. சுண்ணாம்பு அங்கேயே கிடக்கிறது! கார மண்ணில் அது கரையாது, கரையாத கல்சியத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. அதைக் கரைக்க மெல்லிய அமிலம் வேணும். இலை குழை மண்ணுக்குள் உக்கும்போது காபனீரொட்சைட்டு வரும், அது தண்ணீரில் சேர்ந்தால் அமிலம். நிலாவரையைக் குடைந்ததும் இதே தண்ணீரும் சுண்ணாம்பும்தான், அதற்குப் பல்லாயிரம் வருசம் கையில் இருந்தது. எங்களுக்குத் தை மட்டும்தான். குழையோடு வேரும் போனால் தண்ணீர் இறங்கத் துவாரமும் கிடைக்கும். அம்மம்மாவின் பூவரசங்குழையும், வேலியால் கழற்றின உக்கல் பனையோலையும் தோட்டத்துக்கு வெறும் பசளை. களருக்கு அவை அதைவிடக் கூடின வேலை செய்யும். ஒரு மாரியில் முடியாது, நாலைந்து மாரி பிடிக்கும்.

இதை மாமாவிடம் சொன்னோம். போத்தலையும் கொண்டுபோனோம். அவர் கலங்கல் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "சரி, அப்ப நடு மூண்டு பரப்பை மட்டும் குடுத்துவிடுவம். மிச்சத்தை நீங்கள் விதையுங்கோ" என்றார். நியாயமான பேச்சு மாதிரித்தான் இருந்தது. அம்மா அப்போதுதான் முதல்தரம் வாய் திறந்தா. "நடுவை உயர்த்தினால் மேட்டுத் தண்ணி எங்கால போறது, அண்ணை? பக்கத்து வயல்காரர் எங்களைத்தானே பேசுவினம்." மாமா பதில் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தை என்ற தவணை அப்படியே நிற்கிறது.

இப்போதைய சிக்கல் ஓலை. ஒரு பரப்புக்கு எத்தனை கட்டு வேணும் என்று கணக்குப் பார்த்துவிட்டுக் கொக்குவிலைச் சுற்றி வந்தோம். எங்கும் மதில், இல்லாவிட்டால் தகரம். ஓலைவேலி நிற்கிற வீடுகளை ஒரு கையால் எண்ணலாம். பூவரசுகளும் வீதி அகலிப்பில் போய்விட்டன. இதுவரை பதினாறு கட்டு சேர்ந்திருக்கிறது. தாவடியில் ஒரு ஐயா தன்னுடைய பழைய மாட்டுக்கொட்டில் கூரையையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். கொக்குவில், கோண்டாவில், இணுவில், ஆனைக்கோட்டைப் பக்கம் யாராவது வேலி பிரிக்கிறதென்றால் தயவுசெய்து எரித்துவிட வேண்டாம். ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். லாண்ட்மாஸ்ரர் ஒன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைக்கிறது. புரட்டாதி கடைசிக்குள் தாழ்க்கவேணும்.